மங்களேஸ்வரி டீச்சரின் மாட்டு இதயம்

மங்களேஸ்வரி டீச்சர் முட்டைகூடத் தொடாத சைவம். யாராவது கேக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் வருஷத்தில் ஒரு நாள் மட்டும், இரண்டாம் தவணையில், விடிந்ததும் விடியாததுமாகக் கட்டுகஸ்தோட்டையில் மர்சூக்கின் மாட்டிறைச்சிக் கடை வாசலில் போய் நிற்பாள். ஒரு முழு மாட்டு இதயத்தை வாங்கி, வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பத்திரிகைத் தாளைச் சுற்றி, ஒரு கறுப்பு ரெக்சீன் பையில் வைத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறுவாள். தெரியாதவர்கள் பார்த்தால், இந்த அம்மா வீட்டில் இன்றைக்கு ஏதோ விசேஷம் என்றுதான் நினைப்பார்கள்.

விசேஷம் வீட்டில் இல்லை, பத்தாம் வகுப்பில். கண்டியில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையில் அவள் உயிரியல் படிப்பித்தாள். சுவரில் தொங்குகிற படத்தை வைத்துப் படிப்பிப்பது அவளுக்குப் பிடிக்காது. படத்தில் ஒரு பக்கத்துக் குருதிக்குச் சிவப்பும் மற்றப் பக்கத்துக்கு நீலமும் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் படித்த பிள்ளை, தன் உடம்பில் பாதி நீலம் ஓடுகிறது என்று சத்தியம் செய்யும். ஆகவே கலம் என்றால் வெங்காயத் தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். சமிபாடு என்றால் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டை விழுங்காமல் வாயில் வைத்து, அது இனிக்கத் தொடங்கும்வரை மென்றுகொண்டிருக்க வேண்டும். சுவாசம் என்றால் ஆட்டு நுரையீரலுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருமுறை அந்தக் காட்சியைக் கண்டுவிட்டு, அன்று மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

இதயப் பாடம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. கழுவிய இதயத்தை எனாமல் தட்டில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, தொகுதிப் பெருநாடி என்கிற அந்தத் தடித்த குழாய்க்குள் விரலை விடச் சொல்லுவாள். முதலில் கூச்சலிடுவார்கள். பிறகு விரல் உள்ளே போய் வால்வில் தட்டுப்படும்போது, அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் குழாய்க்குள் தண்ணீரை ஊற்றிக் காட்டுவாள். மூன்று சின்னப் பைகள் விரிந்து வழியை அடைத்துக்கொள்ளும், ஒரு துளி கீழே இறங்காது.

"பாத்தீங்களோ பிள்ளையள்? இது ஒருவழிக் கதவு. போறது போகும், திரும்பி வராது."

இந்த வசனத்தை வருஷாவருஷம் அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லுவாள். பாடம் முடிந்ததும் இதயத்தைப் பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் புதைத்துவிடுவார்கள்.

அவளுடைய கணவர் இராஜரத்தினம் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞர். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இருவருமாகத்தான் காலையில் கண்டிக்கு பஸ் ஏறுவார்கள். நெற்றியில் மூன்று குறி திருநீறு இல்லாமல் இராஜரத்தினத்தை அவருடைய மேலதிகாரிகூடக் கண்டதில்லை. வாயில் பொய் வராது, வசவும் வராது. ஆனால் மனைவியின் இந்த இதய நாள் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் அன்றைக்கு அவள் பக்கத்தில் இருக்க மாட்டார். முன்பக்கம் சாரதிக்குப் பின்னால் போய் இருந்துகொள்வார், அவள் பையோடு பின்பக்கம் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் பையை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, வெளியே தேசிமரத்தில் தொங்கவிட வேண்டும். டீச்சர் தலைமுழுகிவிட்டுத்தான் குசினிக்குள் போகலாம். இன்னும் ஒரு கூத்து உண்டு. இதய நாளுக்கு முதல்நாளே அவருடைய சுத்தம் தொடங்கிவிடும். அன்று அந்திக்குப் பிந்தித்தான் வீட்டுக்கு வருவார், வந்ததும் உள்ளே காலடி வைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொள்வார்.

"நாளைக்கு வாங்கப்போற இறைச்சிக்கு இண்டைக்கே முழுகிற ஆள் உலகத்திலயே நீங்கள் ஒராள்தான்" என்று அவள் பகிடி பண்ணுவாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போவார்.

முதல் வருஷம் அந்தப் பாடம் படுதோல்வி. இறைச்சிக் கடைக்காரருக்கு இதயம் என்றால் கறிக்கு வெட்டுகிற ஒரு துண்டு, அவ்வளவுதான். குழாய்களை அடியோடு நறுக்கி எறிந்துவிட்டு, நடுவே ஒரு கீறும் கீறிக் கொடுத்திருந்தார். பெருநாடியும் இல்லை, வால்வும் கிழிந்துபோயிற்று. அன்று இராச்சாப்பாட்டில் மங்களேஸ்வரி வயிறெரிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்: குழாய் நாலு விரல் நீளமாவது இருந்தால்தானே பிள்ளை விரலை விடும், கீறாமல் தந்தால்தானே தண்ணீர் நிற்கும். இராஜரத்தினம் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "சாப்பிடுற நேரத்தில கதைக்கிற கதையே இது?" என்று எழுந்து போய்விட்டார். இரண்டாம் வருஷம் கடைக்குப் போனவளுக்கு ஆச்சரியம். இதயம் முழுசாக, குழாய்கள் நீளமாக, கீறல் ஒன்றுமில்லாமல் காத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். மர்சூக் நானாவுக்குச் சொல்லாமலே விளங்குகிறது, படித்த மனிசருக்குத்தான் விளங்குதில்லை என்று அவள் கணவருக்குக் கேட்கும்படியாகவே சொல்லிக் காட்டுவாள். அவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

மர்சூக்கின் மனைவி கைரியா அவர்களுக்கு மூன்று வீடு தள்ளி. வாய்க்காரி. டீச்சரைக் கண்டால் சும்மா விடமாட்டாள்.

"எங்கட மனுசன்ட கடையில இத்தன பேர் ஹார்ட்டு வாங்குறாங்க. வாங்கிட்டுப் போய்த் தின்னாமப் பொதைக்கிற ஆள் நீங்க மட்டுந்தான் டீச்சர்."

இப்படியே ஏழு வருஷம். பிள்ளை இல்லாத ஏழு வருஷமும் அதுதான். எண்பத்துமூன்றாம் ஆண்டு மங்களேஸ்வரிக்கு ஒருவழியாக வயிற்றில் தங்கியது. ஜூலையில் அவளுக்கு ஐந்து மாதம். அந்த வருஷம் இதய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

திங்கட்கிழமையே கொழும்பு எரிகிறதென்று கதை வந்துவிட்டது. ரேடியோ ஒன்றும் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஆனால் கண்டியில் எல்லாரும் குசுகுசுத்தார்கள். இங்கே வராது, கண்டிச் சனம் அப்படியில்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம். சொல்லியபடியே கதவுத் தாழ்ப்பாளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அந்தியில் இராஜரத்தினம் வீட்டுக்கு வரப் பிந்தியது. மங்களேஸ்வரி வாசலுக்கும் படலைக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனாள். இருட்டிய பிறகு வந்தவர் வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போனார்.

"ஊர் கிடக்கிற கிடையில இண்டைக்கும் முழுக்கோ?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

அவர் இன்னொரு வாளியை அள்ளி ஊற்றிக்கொண்டார்.

ஆனால் காலையில், அவள் பையோடு வந்து பஸ் தரிப்பில் நின்றபோது, வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தார். ஆத்திரம் என்றால் அப்படியொரு ஆத்திரம்.

"வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு மாட்டின்ர இதயத்தைக் காவிக்கொண்டு திரியிறீர். நீரும் ஒரு பொம்பிளையே? பக்கத்தில நிக்கவே எனக்குக் குமட்டுது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. பயத்தில் பேசுகிறார் என்று விளங்கினாலும் மனம் விட்டுக்கொடுக்கவில்லை. நேரே பஸ்ஸில் பின்பக்கம் போய் இருந்தாள். அவர் முன்பக்கம் போனார்.

அன்று இதயப் பாடம் நடக்கவில்லை. இரண்டாம் பாடம் முடிவதற்குள் நகரத்தில் ஒரு மூலையில் புகை கிளம்பியது. அதிபர் மணியை அடிக்கச் சொன்னார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டாரிடம் ஒப்படைத்து முடிய, இராஜரத்தினம் வியர்த்து விறுவிறுத்துக் கேற்றடியில் வந்து நின்றார். அவர் முதலில் பார்த்தது பையைத்தான்.

"அதை எறிஞ்சுபோட்டு வாரும்."

"நாளைக்குப் பாடம் எடுக்கலாம். நானாட்டக் குடுத்தால் ஐஸ்பெட்டியில வச்சுத் தருவார்."

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். கடைகள் எரிகின்றன, இவள் பாடத்தை நாளைக்கு வைக்கிறாள். ஆனால் மங்களேஸ்வரியின் மனதில் நாளை என்ற ஒன்று அப்போதும் இருந்தது. அதோடு காலையில் கேட்ட வார்த்தையின் கோபமும் இருந்தது. எறி என்று அவர் சொல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால், எறிந்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

பஸ் கிடைத்ததே பெரிய காரியம். அவர் முன்பக்கம் போனார், அவள் பின்பக்கம். எதற்கென்று இருவரும் யோசிக்கவில்லை. கையில் பை இருந்தால் அப்படித்தான் இருப்பது என்று ஏழு வருஷப் பழக்கம். பின்பக்கத்தில் கைரியா இருந்தாள், ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு வருகிறாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். வழக்கமான பகிடி அவள் வாயில் வரவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. றோட்டுக்குக் குறுக்கே டயர் எரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த கைரியா சட்டென்று தன் விரலை நாக்கில் தொட்டு, டீச்சரின் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"தாலிய உள்ளுக்குப் போடுங்க. முந்தானைய தலையில இழுங்க. வாயத் தொறக்க வாணாம்."

மங்களேஸ்வரி சொன்னபடி செய்தாள். செய்தது அவளல்ல, அவளுடைய கைகள்தான். நாலைந்து பேர் ஏறினார்கள். கையில் பொல்லும் இரும்புக் கம்பியும். தமிழர் யார் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் ஒருவன் உரத்துக் கேட்டான். அவன் கேட்டிருக்கவே தேவையில்லை. சாரதிக்குப் பின்னால், முதல் ஆசனத்தில், மூன்று குறி திருநீறு இருந்தது.

ஒருவன் இராஜரத்தினத்தின் தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் பின்பக்கம் வந்தார்கள். கைரியா நல்ல சிங்களத்தில் பேசினாள். இது என் தங்கச்சி, வாயும் வயிறுமாக இருக்கிறாள், காலையிலிருந்து சத்தி, வாந்தி, அவளைப் பேசவைக்காதீர்கள், எங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறைச்சிக் கடை. கம்பி வைத்திருந்தவன் மங்களேஸ்வரியின் நெற்றியையே பார்த்தான். துடைத்த இடம் சிவந்துபோயிருந்தது. பிறகு கம்பியின் நுனியால் மடியில் இருந்த பையைத் தட்டித் திறக்கச் சொன்னான். கைரியாதான் திறந்தாள், தாளையும் இலையையும் அவளே விலக்கினாள்.

"ஹரக் மஸ்" என்றான் அவன், மாட்டிறைச்சி என்று. முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தான். சைவத் தமிழச்சி மாட்டிறைச்சியை மடியில் வைத்திருக்க மாட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் திரும்பிப் போகவும் தொடங்கிவிட்டான்.

அப்போது நடுவே எங்கேயோ ஒரு குரல், அந்த ஆளும் இந்தப் பெண்ணும் ஒன்றாகத்தானே ஏறினார்கள் என்றது. யார் சொன்னதென்று மங்களேஸ்வரி கடைசிவரை அறியவில்லை. கம்பிக்காரன் நின்றான். முன்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டுக் கேட்டான்: இவள் உன்னுடைய பெண்சாதியா?

இராஜரத்தினம் திரும்பினார். திறந்து கிடந்த பையைப் பார்த்தார். முகம் அப்படியே கோணியது. ஒவ்வொரு வருஷமும் தேசிமரத்தடியில் அவள் கண்டிருக்கிற அதே முகம். பிறகு அவளை நேருக்கு நேர் பார்த்து, கச்சேரியில் பேசிப் பழகிய தெளிவான சிங்களத்தில் சொன்னார். மாட்டின் இதயத்தைக் காவிக்கொண்டு திரிகிறவள் எனக்குப் பெண்சாதியா? நான் முட்டையும் சாப்பிடாதவன். பக்கத்தில் நிற்கவே எனக்குக் குமட்டுகிறது. அந்த நாற்றத்துக்காகத்தான் இங்கே வந்து இருக்கிறேன். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினார்.

அதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நடிப்பாக இருந்திருந்தால் அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த அருவருப்பு அசல் என்பதால் நம்பினார்கள்.

மங்களேஸ்வரிக்கு அந்த இடத்தில், அந்த நேரத்தில், மனம் நொந்தது. அதை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தரம் வெட்கப்பட்டாள். கணவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவளோ காலையில் கேட்ட அதே வார்த்தைகளைத் திரும்பக் கேட்டு, காலையில் போலவே புண்பட்டுப்போய் இருக்கிறாள். அது ஒரு கணம்தான். அடுத்த கணம் எழும்பப் போனாள். கைரியாவின் கை அவளுடைய மணிக்கட்டை இரும்புப் பிடியாகப் பிடித்தது. மற்றக் கை வயிற்றின்மேல் வந்து அழுந்தியது.

"வயித்துல புள்ள ஈக்கி" என்றாள் கைரியா, உதடு அசையாமல்.

வயிற்றுக்குள் ஒரு துடிப்பு, மடியில் ஒரு செத்த இதயம், நெஞ்சில் அவளுடையது. அவள் எழும்பவில்லை.

இராஜரத்தினத்தை இறக்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய குடை ஆசனத்திலேயே கிடந்தது. டயரை ஒருவன் காலால் தள்ளிவிட, பஸ் பாலத்தில் ஏறியது. மகாவலி கீழே வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

கைரியா தன் வீட்டு உள்ளறையில் அவளைக் கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தினாள். மங்களேஸ்வரி அழவில்லை. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது, கை இரண்டும் ஐஸாகக் குளிர்ந்தன, வயிறு கல்லாக இறுகியது. இதையெல்லாம் அவள் படிப்பித்திருக்கிறாள். பயம் வந்தால் அதிரனலீன் சுரக்கும், குருதி தோலை விட்டுத் தசைக்கு ஓடும், உமிழ்நீர் வற்றும், உடம்பு ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். ஓடவும் இல்லை, எதிர்த்து நிற்கவும் இல்லை, பஸ்ஸில் இருந்துகொண்டே வந்துவிட்ட ஒரு உடம்புக்கு என்ன பெயர் என்று அவளுடைய புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். நாடி அடித்துக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போன பிறகும் வெட்கமில்லாமல் அடிக்கிறதே என்று அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஊரடங்கு போட்டார்கள். இதயம் மணக்கத் தொடங்கியபோது கைரியா கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்தாள். ஊரடங்கைத் தளர்த்திய காலையில் மர்சூக் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் வந்தவர் அறைக்குள் வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கண்டதாகச் சொன்னார். தான்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். டீச்சர் பார்க்கப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

"ஓம்" என்றாள் மங்களேஸ்வரி. அப்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அகதி முகாமில் கொஞ்ச நாள், பிறகு யாழ்ப்பாணம். சொந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு முன்னாலேயே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. மனிசனை இழுத்துக்கொண்டு போக, இவ முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாட்டிறைச்சியை மடியில வச்சுக்கொண்டு இருந்தவவாம். துக்கம் விசாரிக்க வந்த ஒரு மச்சாள் அதை அவளுடைய முகத்துக்கு நேரேயே கேட்டாள். உண்மைதான் என்று சொன்னாள். வேறென்ன சொல்வது?

ஊர் சொன்னது அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. அவளைத் தின்றது வேறு. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் அவளைக் காப்பாற்றச் சொன்னவை என்று எல்லாரும் சொல்லுவார்கள், அவளுக்கும் தெரியும். ஆனால் அதே வார்த்தைகளை அவர் காலையில் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அந்த முகம் பொய்யில்லை. ஏழு வருஷமாக அந்த மனிசன் தன்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ? நாற்றத்தைச் சகித்துக்கொண்டுதான் ஒரே வீட்டில் இருந்தாரோ? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் அந்த முகம் வந்து நிற்கும். கேட்டுத் தெளிவதற்கு ஆள் இல்லை. நல்ல நாளில் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து போன ஆயிரம் பஸ் பயணங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, தூர இருந்த அந்த ஒன்றுதான் வந்தது.

குழந்தை குப்புறப் புரளத் தொடங்கியதும் அவள் கண்டிக்கே திரும்பினாள். பைத்தியமே உனக்கு, அந்த ஊருக்கோ என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். சம்பளம் அங்கே, பிள்ளைகள் அங்கே என்று சொல்லிச் சமாளித்தாள். உண்மையில் இங்கே இருந்தால் அந்தக் கேள்வியோடு இன்னும் பத்து மச்சாள்மாரும் சேர்ந்துகொள்வார்கள். கைரியா தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக் கொடுத்தாள். பகலில் குழந்தை கைரியாவோடு.

இரண்டாம் தவணை வந்தது. குருதிச் சுற்றோட்டம் என்ற அத்தியாயமும் வந்தது. படத்தைத் தொங்கவிட்டு நடத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்று, சிவப்பையும் நீலத்தையும் காட்டிக்கொண்டு போகப் போக, தன்னுடைய குரல் தனக்கே பிடிக்கவில்லை. நாளைக்கு உண்மையான இதயம் கொண்டுவாறன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் வாயை நினைத்து அவளுக்கே திகைப்பாக இருந்தது. அன்று இரவு கைரியாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை அதே கறுப்புப் பையோடு மர்சூக்கின் கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் மர்சூக் தடுமாறிப்போனார். கத்தியைக் கீழே வைத்தார், பிறகு எடுத்தார். கொக்கியில் ஒரு இதயம் தொங்கியது. அதை இறக்கிப் பலகையில் வைத்தார்.

குழாய்கள் அடியோடு நறுக்கப்பட்டிருந்தன. நடுவே நீளமாக ஒரு கீறல்.

முதல் வருஷம் கிடைத்த அதே மாதிரி. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிசருமா இப்படி மறந்துபோனார்?

"என்ன நானா இது? குழாயெல்லாத்தையும் வெட்டிப்போட்டியள். ஒவ்வொரு வருஷமும் நீளமா விட்டுத்தானே வச்சிருப்பீங்கள்?"

மர்சூக் துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தரும் வந்து செல்லல்லயே டீச்சர்."

"ஆர் வந்து சொல்லுறது? நான் ஒருநாளும் முந்திச் சொன்னதில்லையே. நீங்களாத்தானே விளங்கி..."

"எனக்கு எனத்தத் தெரியும் டீச்சர்? ஐயாதான் வந்து செல்லுற."

மங்களேஸ்வரி பையைப் பலகையில் வைத்தாள்.

"ஒவ்வொரு வருஷமும் மொத நாள் அந்தியில வருவாரு. கடைக்குக் கிட்ட வர மாட்டாரு, அந்தக் கழிவுத்தண்ணிக் கானுக்கு அங்கால நிப்பாரு. லேஞ்சிய மூக்குல புடிச்சுக்கொண்டு. பாவம், ரெண்டொரு தரம் அதுலயே சத்தியும் எடுத்தீக்காரு. நாளைக்கு டீச்சர் வருவா, கீற வாணாம், கொழாய் இவ்வளவு விடுங்க எண்டு நாலு விரலைக் காட்டுவாரு. நான் வெட்டிக் காட்டணும், சரியா எண்டு பாத்துட்டுத்தான் போவாரு. டீச்சரிட்ட செல்ல வாணாம் எண்டு என்கிட்ட வாக்கு வாங்கினவர். வாக்கு வாங்கின மனுசன் மௌத்தாப் பெய்த்தாரு. இனி செல்லுறதா வாணாமா எண்டு இந்த ஒரு வருஷமா எனக்கே வெளங்கல்ல."

கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் அவளுடைய காதில் கேட்டது.

"போன வருஷமும்..." என்று தொடங்கினாள்.

"வந்தாரு. திங்கக்கெழம. கொழும்பு பத்துது எண்டு நாங்க கடைய நேரத்தோட பூட்டிக்கொண்டு ஈந்தம். ஐயா, இண்டைக்கு எனத்துக்கு வந்தீங்க, வூட்டுக்குப் போங்க எண்டு நான் ஏசினேன். கேக்கல்ல. பெரிய ஹார்ட்டா வைங்க, இந்த முற வகுப்புல புள்ளைகள் கூடுதல் எண்டாரு. நாலு விரலைக் காட்டிட்டுத்தான் போனாரு."

மங்களேஸ்வரி அந்த இறைச்சிக் கடை வாசற்படியில், அப்படியே, வெறும் சீமெந்தில் இருந்துவிட்டாள். ஒரு வருஷமாக வராமல் நின்ற அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்தவும் தோன்றாமல், றோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க, குரலெடுத்து அழுதாள். இறைச்சி வாங்க வந்த இரண்டு பேரை மர்சூக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். பிறகு கடைப் பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார்.